அரக்கும் அவசரப் பசையும்

தேனி கடைவீதியில் கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் கடை என்பது பெரும்பாலும் கடையே அன்று. ஒரு கட்டடத்தின் படிக்கட்டுக்கு அடியில் கிடைத்த இடம், ஒரு கண்ணாடிப் பெட்டி, அதன் பின்னால் ஒரு முக்காலி, அவ்வளவே. அத்தகைய ஓர் இடத்தில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவரிடம் எங்கள் நண்பர் தம் தந்தையாரின் எச்.எம்.டி. கடிகாரத்தைக் கொடுத்தபோது நாங்களும் உடன் இருந்தோம். முதுமூடியைக் கழற்றி, கண்லென்ஸை இடுக்கிக்கொண்டு சற்று நேரம் பார்த்த அவர், நிமிர்ந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தம்பி, இதுல யாரு பசை ஊத்துனது?"

சில மாதங்களுக்கு முன் வேறோர் ஊரில், வேறொருவர், ஆடிக்கொண்டிருந்த டயலை ஒரு சொட்டு அவசரப் பசையால் நிறுத்தியிருந்தார். டயலின் ஆட்டம் நின்றது. மூன்றே நாளில் கடிகாரமும் நின்றது. அக்கடிகாரத்தின் கதையைக் கடைசியில் சொல்கிறோம். அப்பெரியவரின் கேள்வி எங்களை இழுத்துச் சென்ற இடங்கள் அதைவிடப் பெரியவை. ஒரு கைக்கடிகாரத்துக்குள் எதை எதனால் ஒட்டலாம் என்பது சின்னக் கேள்வி. ஆனால் அதற்குள் புரச மரத்துப் பூச்சி முதல் முல்லைப்பெரியாற்று அணை வரை அடங்கியிருப்பதை மெல்ல மெல்லத்தான் அறிந்துகொண்டோம்.

பள்ளத்தாக்குக்கு வந்த நேரம்

கம்பம் பள்ளத்தாக்கில் நேரத்துக்கு நெடுங்காலம் முள் இருந்ததில்லை. நிழலும், கோயில் மணியும், வாய்க்காலில் முறைத்தண்ணீர் வரும் நாழிகையும் போதுமாயிருந்தன. 1887இல் மலைமேல் பெரியாற்று அணைக்கட்டு வேலை தொடங்கியபோது, ஆயிரக்கணக்கானோரின் உழைப்பை மணிக்கணக்கில் அளக்கும் பழக்கமும் கூடவே வந்திருக்க வேண்டும். அன்று தென்னாட்டு அலுவலகங்கள் சென்னை வான்காட்சி நிலையத்தின் நேரத்தைப் பின்பற்றின. 1906 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த இந்தியச் சீர் நேரத்துக்கு அது ஏறத்தாழ 9 நிமிடம் பிந்தியது. 1928இல் மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு ரயில் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு, 1950களில் மீண்டும் போடப்பட்டன. ரயில் வந்த ஊருக்குக் கடிகாரம் வராமல் இராது. ஏலக்காய் ஏலமும், பஞ்சாலைச் சங்கும், விடியுமுன் போடி மெட்டுக்கும் குமுளிக்கும் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு புறப்படும் ஜீப்புகளும் சேர்ந்து, கைக்கடிகாரத்தை ஆடம்பரம் என்ற நிலையிலிருந்து கருவி என்ற நிலைக்கு இறக்கின.

முதலில் வந்தவை சுவிட்சர்லாந்துக் கடிகாரங்கள். 1886இல் தொடங்கிய வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனியும், அதற்கும் முன்பே 1865இல் பம்பாயில் கால்பதித்த ஃபாவ்ரே லூபாவும் வசதி படைத்தோர் வீடுகளில் வழங்கிய பெயர்கள். சாமானியர் கைக்குக் கடிகாரத்தைக் கொண்டு சேர்த்தது எச்.எம்.டி. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு 1961இல் பெங்களூரில் அதன் கடிகார ஆலை எழுந்தது. திருமணத்துக்கு மாப்பிள்ளைக்கு ஒன்று, அரசு வேலை கிடைத்த மகனுக்கு ஒன்று, பணி ஓய்வு பெறுபவருக்கு ஒன்று என்று ஒரு தலைமுறையின் வாழ்க்கைக் கட்டங்களைக் குறித்தவை ஜனதாவும் பைலட்டும் கோஹினூரும்தான். அக்கடிகாரங்கள் பலவற்றின் டயலில் '17 ஜுவல்ஸ்' என்ற சொற்கள் இருக்கும். நம் கதை அந்தப் பதினேழு கற்களிலிருந்துதான் கிளைக்கிறது.

கல்லும் அதைப் பிடிக்கும் பிசினும்

கடிகாரத்துக்குள் மாணிக்கக் கல் வைப்பது அழகுக்காக அன்று. உலோக அச்சு உலோகத் துளையில் சுழன்றால் தேயும். மாணிக்கத்தில் துளையிட்டு அதில் சுழலவிட்டால் தேய்மானம் மிகக் குறைவு, எண்ணெயும் நெடுநாள் நிற்கும். நிக்கோலாஸ் ஃபாட்டியோ என்னும் சுவிஸ் கணித அறிஞர், டெபோஃப்ரே சகோதரர்களோடு சேர்ந்து 1704இல் லண்டனில் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1902இல் பிரான்சின் ஆகுஸ்ட் வெர்னூய் செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை வெளியிட்ட பிறகே இக்கற்கள் எல்லோருக்கும் எட்டும் விலைக்கு வந்தன.

பதினேழு கற்களில் பதினான்கு, அச்சுகள் சுழலவும் அவற்றைத் தாங்கவும் வைக்கப்பட்டவை. அவை தகடுகளில் இறுக அழுத்திப் பொருத்தப்பட்டவை, பசை தேவையில்லை. எஞ்சிய மூன்றின் கதை வேறு. லீவர் எனப்படும் சின்னஞ்சிறு நங்கூரத்தின் இரு கைகளில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கற்கள். பேலன்ஸ் சக்கரத்தின் அடியில், லீவரின் மறுமுனையைத் தட்டிவிடும் கல் ஒன்று. தாமஸ் மட்ஜ் என்னும் ஆங்கிலேயர் 1750களில் உருவாக்கிய லீவர் அமைப்பின் வழித்தோன்றலே இது. 'டிக்', 'டிக்' என்று நாம் கேட்பது, சக்கரத்தின் பல் இந்த இரு கற்களில் மாறி மாறி மோதும் ஓசைதான். பழைய கைக்கடிகாரங்களில் பெரும்பாலானவை மணிக்கு 18,000 முறை அடிப்பவை. அதாவது, ஒரு நாளைக்கு 4,32,000 அடிகள். அத்தனை அடியையும் வாங்கிக்கொண்டு அக்கற்கள் அசையாமல் நிற்க வேண்டும். ஆனால் அவற்றை அசைக்க முடியாதபடியும் ஒட்டிவிடக் கூடாது. இதுதான் சிக்கல்.

கல் பள்ளத்துக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்தே பல் பூட்டுவதும் விடுவதும் அமைகின்றன. நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் கடிகாரம் தடுமாறும். ஆகவே இடும் பசை இறுகப் பிடிக்க வேண்டும், வேண்டும்போது இளக வேண்டும், கல்லை மயிரிழை நகர்த்திய பின் மீண்டும் இறுக வேண்டும். இம்மூன்றையும் செய்யும் பொருளாகக் கடிகாரத் தொழிலாளர்கள் கண்டது அரக்கு.

பூச்சி தந்த பசை

அரக்கு நமக்குப் புதியதன்று. பாரதத்தில் பாண்டவர்களை எரிக்க எழுப்பிய மாளிகை அரக்கால் ஆனது. பொற்கொல்லர் நகையின் உட்குழிவை நிரப்பியதும், பதிவுத் தபாலின் முடிச்சில் அஞ்சலகத்தார் முத்திரை வைத்ததும் அரக்கால்தான். புரசு, இலந்தை, குசும் ஆகிய மரங்களின் இளங்கிளைகளில் கூட்டமாய் ஒட்டிக்கொண்டு சாறுண்ணும் நுண்ணிய பூச்சியொன்று தன்னைச் சுற்றிச் சுரக்கும் பிசின் அது. பாட்னாவில் இருந்த ஜேம்ஸ் கெர் என்பவர் அப்பூச்சியை விவரித்து எழுதிய கட்டுரை 1781இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியானது. அவர் பெயராலேயே அறிவியலார் அதன் இனத்தைக் கெரியா என்கின்றனர். கிளையிலிருந்து சுரண்டி, கழுவி, உருக்கி, மெல்லிய ஏடுகளாக இழுத்து உடைத்தால் கிடைப்பது ஷெல்லாக். தச்சர்கள் ஸ்பிரிட்டில் ஊறவைத்து நாற்காலிகளுக்கு பாலிஷ் போடுவதும் இதையேதான்.

இப்பூச்சியின் தாயகம் இன்றைய ஜார்க்கண்டும் சத்தீஸ்கரும் அவற்றை அடுத்த காட்டுப் பகுதிகளும். ராஞ்சிக்கு அருகே நாம்கும் என்னும் இடத்தில் 1920களின் நடுவில் அரக்குக்கென்றே ஓர் ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது என்றால், அன்றைய உலகச் சந்தையில் அதற்கிருந்த மதிப்பை ஊகிக்கலாம். அம்மதிப்புக்குக் கடிகாரம் காரணமன்று, கிராமபோன் தட்டு. ஒரு நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற அத்தட்டுகள் அரக்குக் கலவையால் ஆனவை. கிட்டப்பாவின் குரலும் கே.பி.சுந்தராம்பாளின் குரலும் முதலில் தங்கிய இடம் இப்பூச்சியின் பிசினில்தான். போரை முன்னிட்டு 1942இல் அமெரிக்க அரசு அரக்குப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தியபோது அங்கே இசைத்தட்டுத் தொழில் திணறியது. பிறகு வினைல் வந்து அரக்கை வெளியேற்றியது. இப்பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்திலிருந்து சென்ற இளையராஜாவின் 'அன்னக்கிளி' 1976இல் வெளியானபோது, இசைத்தட்டில் அரக்கின் காலம் முடிந்திருந்தது.

தட்டிலிருந்து விரட்டப்பட்ட அரக்கு, கடிகாரத்தில் மட்டும் இருந்துவிட்டது. அதன் வேலைமுறையைப் பெரியவர் எங்களுக்குச் செய்தே காட்டினார். ஷெல்லாக் ஏட்டை ஸ்பிரிட் விளக்கில் காட்டி இளக்கி, சாமணத்தால் பற்றி இழுத்தால் முடிபோல ஓர் இழை நீள்கிறது. ஆறியதும் அதில் மணல்துகள் அளவு நறுக்கி லீவரின் முதுகில், கல் அமர்ந்திருக்கும் இடத்தில் வைக்கிறார். லீவரை ஒரு பித்தளைத் தகட்டின்மேல் வைத்துத் தகட்டை அடியிலிருந்து சூடாக்குகிறார். தீ நேராகப் படக் கூடாது. ஏறத்தாழ 75 பாகை செல்சியஸ் அளவில் அரக்கு கண்ணாடிபோல் மின்னி, உருகி, கல்லின் ஓரத்தில் ஓடி அடைகிறது. அந்த நொடியே தகட்டை எடுத்துவிட வேண்டும். "கொதிக்க விட்டா செத்துப்போகும்" என்றார். அதுவும் உண்மையே. அளவுக்கு மீறிச் சூடாகும் அரக்கு தன்னுள் பிணைந்து மீண்டும் உருகாத, எளிதில் நொறுங்கும் பொருளாகிவிடுகிறது.

கழுவும்போதும் இதே கவனம் வேண்டும். அரக்கு ஆல்கஹாலில் கரையும், பெட்ரோலில் கரையாது. கடிகாரக்காரர்கள் கிண்ணத்தில் ஒயிட் பெட்ரோலை வைத்துக்கொண்டு உறுப்புகளை அலசுவதன் காரணம் மலிவு மட்டுமன்று. லீவரை ஸ்பிரிட்டில் ஊறப்போட்டவனுக்குக் கல் தனியாகவும் உலோகம் தனியாகவும்தான் கிடைக்கும். இவ்வேதியியலை எந்தப் பள்ளியிலும் படியாமலே, குருவின் கைப்பக்குவமாக வாங்கி வைத்திருந்தது ஒரு தலைமுறை.

ஒரு சொட்டு, ஒரு நொடி

அவசரப் பசையின் கதை போர்க்களத்தில் தொடங்குகிறது. 1942இல் அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தில் ஹாரி கூவர் என்னும் வேதியியலாளர், துப்பாக்கிக் குறிநோக்கிகளுக்குத் தெளிந்த பிளாஸ்டிக் தேடிக்கொண்டிருந்தார். கையில் கிடைத்த சயனோஅக்ரிலேட் தொட்டதிலெல்லாம் ஒட்டிக்கொண்டதால் வேண்டாமென்று ஒதுக்கினார். 1951இல் அதே பொருள் மீண்டும் கண்ணில் பட்டபோதுதான், ஒதுக்கக் காரணமான குணமே அதன் பெருமை என்று விளங்கிற்று. 1958இல் அது விற்பனைக்கு வந்தது. நம் ஊர்ப் பெட்டிக்கடைகளில் சரமாய்த் தொங்கும் பெவிகுவிக் அவ்வகைப் பசையே.

காலணிக்கும் உடைந்த பிளாஸ்டிக் வாளிக்கும் அது வரம். கடிகாரத்துக்கு ஏன் சாபம்? காரணங்கள் தெளிவானவை. முதலாவது, அது நீர்போல நீர்த்தது. இரு தகடுகளுக்கு இடையே மயிரிழை இடைவெளி இருந்தாலும் நுண்புழை விசையால் உள்ளே ஏறிவிடும். டயலின் ஓரத்தில் இட்ட சொட்டு, சக்கரத்தின் அச்சு வரை பயணம் செய்யும். இரண்டாவது, அது காய்வதில்லை. காற்றிலும் பரப்பிலும் உள்ள ஈரத்தைத் தொட்டுத் தன்னுள் பிணைந்து இறுகுகிறது. அப்போது எழும் ஆவி அருகிலுள்ளவற்றில் வெண்சாம்பலாய்ப் படிகிறது. கண்ணாடியின் உட்புறத்தில் படிந்தால் வெறும் மங்கல், எண்ணெயிட்ட அச்சில் படிந்தால் கடிகாரம் நிற்கும். மழைக்காலத்தில் மலைமேல் ஏலத்தோட்ட மூடுபனியிலும் பிற்பகலில் கீழே கம்பத்து வெயிலிலும் ஒரே நாளில் புழங்கும் கைக்கடிகாரத்துக்குள் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. மூன்றாவது, திருத்துவதற்கு அது நேரம் தருவதில்லை. நான்காவதே எல்லாவற்றிலும் பெரிது. அதைக் கரைக்க அசிட்டோன் வேண்டும். அசிட்டோனோ டயலின் பூச்சையும் எழுத்தையும் சேர்த்தே தின்னும்.

மற்றப் பசைகளுக்கும் அவற்றுக்குரிய இடம் உண்டு. இரு குழாய்களைக் கலந்து இடும் அரால்டைட் வகை எப்பாக்சி, சுவிஸ் வேதியியலாளர் பியர் காஸ்டான் 1930களில் பல்மருத்துவத்துக்காகச் செய்த ஆய்வின் கிளை. 1946இல் சீபா நிறுவனம் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கடிகாரத்தின் வெளிக்கூட்டில் அதற்கு வேலை இருக்கலாம், உள்ளே இல்லை. பழைய கடிகாரங்களின் பிளாஸ்டிக் கண்ணாடி பசையே இல்லாமல் விளிம்பு நெருக்கத்தால் நிற்பது. பசை வேண்டும் கண்ணாடிகளுக்கு ஊசிமுனைக் குழாயில் வரும் ஜி-எஸ் ஹைப்போ சிமென்ட் உகந்தது. மெல்லக் காய்வது, ஆவியால் மங்கச் செய்யாதது, வழிந்தால் துடைத்துவிடலாம். புற ஊதா ஒளிபட்டால் மட்டும் இறுகும் பசையும் கனிமக் கண்ணாடிக்கு நல்லது. நிதானமாகப் பொருத்திப் பார்த்து, மனநிறைவு வந்தபின் விளக்கில் காட்டலாம், தேனியின் உச்சிவெயிலே கூடப் போதும். டயலின் கால் முறிந்திருந்தால் முறையான வழி புதிய காலைப் பற்றவைப்பது. அது இயலாதபோது, உரித்து எடுக்கத்தக்க இருபுறப் பசைவில்லைகள் உள்ளன.

இப்பட்டியலைக் கூர்ந்து நோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படும். நல்ல கடிகாரக்காரர் எது வலிமையாக ஒட்டும் என்று முதலில் கேட்பதில்லை. எப்படிப் பிரிப்பேன் என்றே கேட்கிறார். தனக்குப் பின் இதைத் திறக்கப் போகும் முகமறியாத ஒருவருக்கு அவர் விட்டுவைக்கும் வழி அது. அருங்காட்சியகங்களில் பழம்பொருள் பேணுவோர் 'மீட்கத்தக்க தன்மை' என்று விதியாக வகுத்துவைத்திருப்பதும் இதையே.

சுண்ணாம்பும் சுர்க்கியும்

இங்கே மேற்கே நிமிர்ந்து பார்க்காமல் இருக்க முடியவில்லை. 1895 அக்டோபரில் திறக்கப்பட்ட பெரியாற்று அணை, ஒருவகையில் ஒட்டுப்பொருள் ஒன்றின் வெற்றிக்கதை. போர்ட்லண்டு சிமென்ட் 1824லேயே காப்புரிமை பெற்றுவிட்டது. ஆனால் இந்தியாவில் சிமென்ட் உற்பத்தி சென்னையில் 1904இல்தான் தொடங்கியது. பென்னிகுக் அணை கட்டிய காலத்தில் அது கடல் கடந்து வரவேண்டிய பண்டம். ஆகவே அவர் கையில் எடுத்தது சுண்ணாம்பும் சுர்க்கியும். சுட்ட செங்கல்லைப் பொடித்த சுர்க்கி, சுண்ணாம்போடு சேரும்போது நீருக்கடியிலும் மெல்ல மெல்ல இறுகும் கலவையாகிறது. அது வந்துசேர வல்ல பொருள்களுள் இடத்துக்கும் காலத்துக்கும் இயைந்த தேர்வு.

சுண்ணாம்புக்கும் குறை உண்டு. கசியும் நீர் அதைக் கரைத்துக்கொண்டு வெளியேறும். 1930களிலும் 1960இலும் அணைக்குள் சிமென்ட் கூழ் செலுத்தி அடைத்தனர். 1979க்குப் பிறகு மேலே காங்கிரீட் எடையும், உள்ளே எஃகு வடங்களும், பின்புறம் காங்கிரீட் தாங்கலுமாக அணை பலப்படுத்தப்பட்டது. அணையைப் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. எனவே கடிகாரத்தின் விதி அணைக்குப் பொருந்தாது. ஆனால் இரண்டுக்கும் பொதுவான பாடம் ஒன்று உண்டு. ஒட்டுப்பொருள் என்பது ஒருமுறை இட்டுவிட்டு மறந்துவிடும் பண்டமன்று. அது மூப்படையும், அதைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். கடிகாரத்து அரக்கும் பல பத்தாண்டுகளில் வறண்டு விரிசல் விடும். அப்போது மீண்டும் சூடு காட்டிப் புதிதாய் ஒரு துளி வைக்க ஆள் இருக்க வேண்டும்.

அந்த ஆள்தான் இன்று அரிது. 1969இல் ஜப்பானில் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் பிறந்தது. 1987இல் ஓசூரிலிருந்து டைட்டன் வந்தது. குவார்ட்ஸில் லீவர் கல் இல்லை, அரக்கும் இல்லை. 2001இல் யுலிஸ் நார்டின் நிறுவனம் சிலிக்கானால் செய்த உறுப்புகளைக் கடிகார இதயத்துக்குள்ளேயே கொண்டுவந்தது. 2016இல் எச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவை மூட மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. இன்று பழைய ஜனதாக்களைத் தேடி வாங்குவோர் பெருகியிருக்கின்றனர். அவற்றைத் திறக்கத் தெரிந்தோர் பெருகவில்லை. இந்த இடைவெளியைத்தான் அவசரப் பசை நிரப்புகிறது. அதை இடுபவரைக் குறைசொல்லியும் பயனில்லை. ஐம்பது ரூபாய்க்கு வேலை முடிய வேண்டுமென்று நிற்பவர்கள் நாம்தாம்.

எங்கள் நண்பரின் கடிகாரத்துக்குத் திரும்புவோம். பெரியவர் இரண்டு வழிகளைச் சொன்னார். அசிட்டோனில் ஊறவைத்தால் டயல் பிரியும், உள்ளே கழுவி ஓட்டிவிடலாம். ஆனால் டயலில் ஓர் எழுத்தும் மிஞ்சாது. இல்லையேல் முகம் அப்படியே இருக்கும், ஓட்டம் இராது. "அரக்கா இருந்தா சூடு காட்டி எடுத்துக் குடுத்துருப்பேன்" என்று சொல்லிவிட்டுக் கடிகாரத்தை நண்பரின் பக்கம் மெல்ல நகர்த்தினார்.

நண்பர் அன்று முடிவு சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்துத் தம் தாயாரைக் கேட்டாராம். "அவர் பார்த்துக்கிட்டிருந்த முகம் அது, இருக்கட்டும்" என்றாராம் அம்மா. கடிகாரம் இன்று அவர்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில், நான்கு மணி பத்து நிமிடத்தில் நிற்கிறது. எவரேனும் ஒருநாள் எழுத்தைக் கெடுக்காமல் அப்பசையை மட்டும் கரைக்கும் ஒன்றைக் கண்டுபிடிக்கக் கூடும் என்று நண்பர் சொல்கிறார். அதுவரை அதற்குள் வேறு எதையும் யாரும் ஊற்றாமல் பார்த்துக்கொள்வதே தம் வேலை என்கிறார்.